சவேரியானைப் பற்றி டெல்பின் கட்டிய பாட்டு

சங்குமுனையில் டெல்பின் கொரைரா செத்துப்போன பத்தாம் நாள் காலையில், ஐஸ் பிளாண்டிலிருந்து மீன் ஏலக்கூடத்துக்கு வந்த லோடு ஆட்டோவில் ஒரு ஐஸ் கட்டி பாடிக்கொண்டு வந்தது. அன்றைக்கு மீன் வரத்துக் குறைவு, ஊருக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது என்பதால் யாரும் உடனே அதைப் பற்றிப் பேசவில்லை. சாக்கை விலக்கினார்கள், கட்டியைச் சுற்றியிருந்த வெள்ளைப் புகை அடங்கியது, ஓரம் கசிந்து முதல் சொட்டு தரையில் விழுந்தது, விழுந்த கையோடு உள்ளேயிருந்து டெல்பினின் குரல், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் முதன்முதலாகக் கட்டிய பாட்டை, அப்போதிருந்த சின்னக் குரலிலேயே எடுத்துவிட்டது. மீன்காரி கித்தேரியம்மாள் குனிந்து கட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டாள். "டெல்பின்தான். வெறும் வயித்துல பாடுதா, தொண்ட கரகரங்கு" என்று சொல்லிவிட்டு, தன் பெட்டிக்கு வேண்டிய ஐஸைப் பக்கத்துக் கட்டியிலிருந்து உடைத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் அந்தக் குரலைக் கேட்டு நடுங்கிப்போனவன் ஒரே ஒருவன்தான். அவன் ஏலக்காரன் சவேரியான் மச்சாது. ஐஸ் பாடுகிறதே என்று அவன் நடுங்கவில்லை. ஐஸ் என்ன பாடப்போகிறது என்று நடுங்கினான். அது ஏன் என்று தெரிய வேண்டுமானால் டெல்பினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சங்குமுனையில், அந்த ஐஸ் பிளாண்டில் முப்பது வருஷம் ஐஸ் உறையும் தகரக் கேன்களுக்குத் தண்ணீர் பிடித்தவள் டெல்பின். அவளுக்குப் பத்தொன்பது வயதாகும்போது துறைமுகத்தில் வேலை செய்த அவளுடைய அண்ணனுக்கு ஒரு கப்பல் சமையல்காரன் கேசட் ஒன்று கொடுத்தான். அட்டையில் பெயர் எதுவும் இல்லாத அந்தக் கேசட்டில் ஒரு கறுப்பினப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். டெல்பினுக்குப் பாஷை புரியவில்லை, ஆனால் அவள் எந்த இடத்தில் அழுகிறாள், எந்த இடத்தில் அழுகையை விழுங்கிவிட்டு அதட்டுகிறாள், எந்த இடத்தில் போனால் போ என்று சிரிக்கிறாள் என்பது அத்தனையும் புரிந்தது. இதற்கு என்ன பெயர் என்று கேட்டாள், ஸோல் என்று சமையல்காரன் சொன்னதாக அண்ணன் சொன்னான், அப்படியென்றால் ஆத்துமா என்று அப்போதிருந்த பங்குச்சாமியார் விளக்கம் சொன்னார். விளக்கம் சொன்னதோடு நிற்காமல், ஆத்துமப் பாட்டு என்றால் மரித்த ஆத்துமாக்களுக்கான பாட்டுதான் என்று அவராகவே முடிவு செய்து, கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் தோட்டத்தில் பாட அவளை அழைத்துவிட்டார். டெல்பினும் போய், சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன காதலன் ஒருவனை நாற்பது வரிகளில் வெளுத்து வாங்கும் பாட்டைப் பாடினாள். மெழுகுவத்தி ஏற்ற வந்தவர்களில் ஒருவர் கூட அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை, விதவைகள் திரும்பப் பாடச் சொன்னார்கள், சாமியார் மட்டும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். அன்றிலிருந்து சாகும் வரைக்கும் ஊருக்கு அவள் ஆத்துமப் பாட்டு டெல்பின்.

இந்த மாதிரிப் பாட்டில் ஒரு சங்கதி உண்டு. முன்னால் நிற்பவள் ஒன்றைச் சொன்னால் பின்னால் நிற்பவன் அதை ஒத்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொண்டால்தான் அடுத்த வரிக்குப் போக முடியும். "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல" என்று டெல்பின் பாடுவாள், பின்னாலிருந்து "ஆமா" என்று வர வேண்டும். "தூங்கினாலும் நீ வரல்ல" என்பாள், "ஆமா, ஆமா" என்று வர வேண்டும். இருபத்தெட்டு வருஷம் 'டெல்பின் அண்ட் பார்ட்டி'யில் அந்த ஆமாவைச் சொன்னவன் சவேரியான். பகலெல்லாம் ஏலக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவன், அவன் சொல்வதற்கு ஊரே தலையாட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவன், கச்சேரி மேடையில் ஏறினால் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஆமாவைத் தவிர ஒரு சொல் பேச மாட்டான். அந்த ஒரு சொல்லை அவன் எத்தனையோ விதமாகச் சொல்வான், அழுதுகொண்டே, கேலியாக, கோபமாக, பசியாக. அதைக் கேட்கவென்றே உவரியிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

வினையும் அந்தச் சொல்லில்தான் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பனிமய மாதா கோயில் திருவிழாவைப் படம் பிடிக்க ஏதோ ஒரு டிவியிலிருந்து வந்தார்கள். மேடைக்குப் பின்னால் உயரமாக, கோட்டுப் போட்டு நின்ற சவேரியான்தான் கண்ணில் பட்டான். அவன் முன்னால் மைக்கை நீட்டி, "கடல் பக்கம் எங்க போனாலும் பாடுதாங்களே, 'வாசலுக்கு வந்த வாடக்காத்தே', அந்த மெட்டு நீங்க போட்டதா?" என்று கேட்டார்கள். சவேரியான் வாயிலிருந்து "ஆமா" என்று வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷப் பழக்கம், ஒரு வரி முடிந்து ஒரு இடைவெளி வந்தால் அந்த இடத்தில் ஆமா விழும், அதற்கு அவன் என்ன செய்வான் என்று அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் டிவியில் அது வந்த மறுநாள் தெருவில் மாலை போட்டார்களே, அப்போது இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு நெய்மீனை ஏலம் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த மெட்டு தன் தொண்டையில் தானாக வந்து இறங்கியது என்று ஒரு கல்யாண வீட்டில் வைத்து அவனே விவரமாகச் சொன்னான். அது பழக்கமில்லை, பச்சைப் பொய்.

டெல்பின் சண்டை போடவில்லை. கூடத்துக்கு வந்தாள், மீன் கழுவுகிற தொட்டி ஓரத்தில் நின்றாள், நூறு பேர் கேட்கச் சொன்னாள். "சவேரி, ஒன்னப் பத்தி ஒரு பாட்டு கட்டியிருக்கேன். நீ உசுரோட இருக்கும்போது பாடுனா ஒன்னால பொண்டாட்டி மொகத்துல முழிக்க முடியாது பாரு, அதனால நீ செத்த பெறவு ஒன் தலமாட்டுல நின்னு பாடுதேன்." மறுநாளிலிருந்து வழக்கம்போலக் கச்சேரிக்குக் கூப்பிட்டாள், வழக்கம்போல அவனும் போய் ஆமா சொன்னான், மேடைக்கு வெளியே மட்டும் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. மூன்று வருஷமும் சவேரியான் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொண்டான், அதிகாலையில் கடற்கரையில் நடந்தான், கருவாட்டில் உப்பைக் குறைத்தான். அவனை முந்திக்கொண்டு டெல்பின் போய்விட்டாள், மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பிளாண்டில் தன் மர நாற்காலியில் உட்கார்ந்தபடி.

அடக்கத்தின் போது பார்ட்டிக்காரர்கள் வாடைக்காற்றுப் பாட்டை வாசித்தார்கள். ஊரே சேர்ந்து அவள் வரிகளைப் பாடியது, ஆமா வர வேண்டிய இடமும் வந்தது, எல்லோரும் சவேரியானைத் திரும்பிப் பார்த்தார்கள், அவனோ வாயைத் திறக்கவில்லை. திறக்க வரவில்லை. அந்த இடைவெளி அப்படியே கிடந்தது. துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நல்லவர்கள் சொன்னார்கள், குற்றவுணர்வில் அடைத்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்னார்கள், சங்குமுனையில் மற்றவர்கள்தான் அதிகம். உண்மையில் அவனுக்கு இரண்டும்தான்.

இந்த நிலையில்தான் ஐஸ் பாடத் தொடங்கியது.

ஒரு வாரத்துக்குள் ஐஸின் குணம் ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. பிளாண்டில் நாளொன்றுக்கு முந்நூறு கட்டி எடுத்தாலும் அதில் ஒன்றுதான் பாடும், அது எது என்று முதல் சொட்டு விழும்வரை தெரியாது. ஒரு கட்டிக்கு ஒரு பாட்டு, பாடிய பாட்டு மறுபடி வராது, உருகிய தண்ணீர் ஊமை. போனில் பதிவு செய்தவர்களுக்குத் தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கிடைத்தது, அதையும் சிலர் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். நிழலில் வைத்தால் பாட்டு இழுத்து இழுத்து வரும், வெயிலில் வைத்தால் ஓட்டமாக ஓடும். வடக்குத் தெருவில் விவரம் தெரியாமல் ஒரு தாலாட்டைப் பன்னிரண்டு மணி வெயிலில் வைத்துவிட, அது கல்யாண ஊர்வலத்துக்குரிய வேகத்தில் போய், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் தொட்டிலில் எழுந்து உட்கார்ந்து கைதட்டின. கட்டியை உடைத்தால் பாட்டும் உடையும், துண்டுக்கு ஒரு சொல்லாகச் சிதறும். சர்பத் கடையில் ஒருமுறை அப்படித் தெரியாமல் உடைத்துப் போட்டுவிட்டார்கள். எட்டுப் பேர் எட்டு தம்ளரோடு பெஞ்சில் வரிசை மாறி மாறி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பாடுபட்டு ஒரு வரியைச் சேர்த்தார்கள். நாலாவது ஆள் அவசரத்தில் தன் துண்டை விழுங்கிவிட்டதால் அந்த வரியில் வந்த காதலனின் பெயர் மட்டும் கடைசிவரை தெரியாமல் போயிற்று. அவனை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.

ஊர் அதற்குத் தக்கபடி நடந்துகொண்டது. கொல்லத்து வியாபாரி போன் செய்து, மீன் பிரமாதம், பாட்டு அதைவிடப் பிரமாதம், ஆனால் லோடு இறக்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள், தயவுசெய்து பாடாத ஐஸாகப் பார்த்துப் போட்டு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். பிராந்தியில் போட்டுக் குடித்தவர்களுக்குத் தம்ளருக்குள்ளிருந்து "வீட்டுக்குப் போ" என்ற சொல் மட்டும் வந்தது, அவர்களும் போனார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து ஒரு துண்டைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனார். தூத்துக்குடி போய்ச் சேருமுன் அது உருகிவிட்டதால், நிறமில்லை, மணமில்லை, குடிக்கலாம் என்று எழுதினார், அதற்குமேல் எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. இப்போதிருக்கும் இளம் பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், பனிமய மாதா பெயரில் கோயிலை வைத்துக்கொண்டு ஐஸ் பாடுகிறதே என்று ஆச்சரியப்பட்டால் அது மாதாவுக்குத்தான் மரியாதைக் குறைவு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, பாடுகிற கட்டி எந்தக் கிழமை எந்தத் தெருவுக்கு என்று ஒரு அட்டவணையைக் கோயில் கதவில் ஒட்டினார். யாருக்கு முறையோ அந்தத் தெருவில் காலையிலேயே வாசல் தெளித்துப் பாயை விரித்து வைப்பார்கள். சில பெண்கள் கட்டிக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர் வெந்நீரும் வைத்தார்கள், டெல்பினுக்குத் தொண்டைக்கு ஆகும் என்று.

பாட்டுகள் கட்டிய வரிசையிலேயே வருகின்றன என்பதை முதலில் கண்டுபிடித்தவள் சவேரியானின் மனைவி ரெஜினாள். அவள் வருஷங்களைப் பாட்டாகத்தான் ஞாபகம் வைத்திருந்தாள்.

"இது நம்ம மூத்தவ வயித்துல இருக்கும்போது கட்டுனது" என்பாள். இரண்டு நாள் கழித்து, "இது வீட்டுக்கு ஓடு மாத்துன வருசம். பாத்தியளா, ஒழுங்கா வரிசயா வாரா" என்பாள். ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே விரல் விட்டு எண்ணினாள். "மொத்தம் தொண்ணூறு பாட்டு ஊருக்குத் தெரியும். தொண்ணூத்தி ஒண்ணாவது ஒங்களப் பத்துனது, அது யாருக்கும் தெரியாது. இன்னைக்கு எண்பத்தி மூணு."

சவேரியான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்ன, திங்காம அளையுதிய?"

"அது எங்க வச்சு வருமோ?"

"எங்க வச்சு வந்தா என்ன, காது எல்லாத்துக்கும் இருக்கு. சோத்துல கை வச்சுக்கிட்டு உண்மையச் சொல்லுங்க, அந்த மெட்டு ஒங்களுதா?"

சவேரியான் தண்ணீர்ச் செம்பை எடுத்தான். இந்த வீட்டில் இந்தக் கேள்வி மூன்று வருஷமாக வாரம் ஒரு தரம் வருகிறது, ஊரெல்லாம் ஆமா சொன்ன வாய் ரெஜினாளிடம் மட்டும் ஆமா சொல்லத் துணிந்ததில்லை. அதற்காக இல்லை என்றும் சொன்னதில்லை. மெட்டுப் போட்டவர் என்று ஊர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் 'இசையமைப்பாளர்' என்று போடுகிறது. செத்துப்போனவள் ஐஸுக்குள்ளிருந்து வாயைத் திறந்தால் ஒரே காலையில் அதெல்லாம் போய்விடும். ஐம்பத்து நாலு வயதில் வெறும் ஏலக்காரனாகத் திரும்பிப் போக அவனுக்கு மனசில்லை.

எண்பத்தெட்டாம் நாள் அவன் ஐஸ் பிளாண்டுக்குப் போனான். மானேஜர் சுடலைமுத்து, டெல்பின் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு செம்பருத்தி வைத்துவிட்டுக் கேன்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மூணு நாளைக்குப் பிளாண்ட மூட முடியாதா?"

"மூடலாமே. மீன எங்க வைக்க, ஒம்ம வீட்டுக் கட்டில்லயா?"

"அப்ப, எது பாடப்போவுதுன்னு ஒரு அடையாளம் சொல்லும். நான் முன்னாடியே எடுத்துக்கிடுதேன்."

சுடலைமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். "முந்நூறும் ஒரே தண்ணிதான் வேய். எனக்கென்ன தெரியும். நான் பாட்டு கேக்க மட்டும்தான் லாயக்கு."

அடையாளம் கிடைக்காவிட்டாலும் சவேரியான் சும்மா இருக்கவில்லை. தொண்ணூறாவது பாட்டு முடிந்த மறுநாள் காலையில், விடிந்து வண்டி வந்த உடனே, கட்டி ஒவ்வொன்றிலும் காதை வைத்துப் பார்த்தான். ஒன்றுக்குள் யாரோ மூச்சு இழுக்கிற மாதிரி இருந்தது. அதைச் சாக்கில் சுற்றி, உமியைக் கொட்டி, சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். முதல் சொட்டு விழுந்தது. பத்தாவது சொட்டு விழுந்தது. கட்டி பேசவில்லை. வெளியே ரெஜினாள் கதவைத் தட்டி, குளிக்க வேண்டும் என்றாள், பிறகு, என்னதான் செய்கிறீர்கள் என்றாள், பிறகு பக்கத்து வீட்டுக்காரி வந்து அவளும் தட்டினாள். மூன்று மணி நேரம் கழித்துக் கால் விறைத்துப்போய், வேட்டி நனைந்து சவேரியான் வெளியே வந்தபோது, தெருவில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். ஐஸுக்குள் இருந்தது வெறும் காற்றுக் குமிழி.

அன்றைக்கு எந்தக் கட்டியும் பாடவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தொண்ணூற்றோடு முடிந்துவிட்டது என்று ஊர் முடிவு செய்தது, பாய்களைச் சுருட்டி வைத்தார்கள், சாமியார் அட்டவணையைக் கிழித்துவிட்டு டெல்பினுக்காக ஒரு பூசை வைத்தார். சவேரியானுக்கு மூன்று மாதத்தில் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது. நாலாம் நாள் கூடத்துக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். போகும் வழியில் தனக்குள் ஒரு வருத்தமும் இருப்பதைக் கவனித்தான். பிழைத்துவிட்டோம் என்கிற நினைப்புக்குப் பின்னாலேயே, இனிமேல் அந்தக் குரல் இல்லை என்கிற நினைப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை அவன் ஓரமாகத் தள்ளிவைத்தான்.

அன்றைக்கு நல்ல வரத்து. ஆள் உயரத்துக்கு ஒரு நெய்மீன் வந்திருந்தது, அதை ஒரு ஐஸ் கட்டியின் மேல் கிடத்தி, கூடத்தின் நடுவில் எல்லோரும் பார்க்க வைத்திருந்தார்கள். தகரக் கூரையின் ஓட்டை வழியாகக் காலை வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. சவேரியான் பெட்டி மேல் ஏறி நின்று கையை உயர்த்தி, "பாத்துக்கிடுங்க, பாத்துக்கிடுங்க, கண்ணு இன்னும் மூடாத மீனு" என்று ஆரம்பித்தான். மீனுக்கு அடியில் ஒரு சொட்டு விழுந்தது.

"மூணு மணிக்குக் கச்சேரின்னா அஞ்சு மணிக்குச் சட்டைய தேய்ப்பான் சவேரி" என்றது ஐஸ்.

கூடம் கப்பென்று அடங்கியது. வரி முடிந்து ஒரு இடைவெளி வந்தது, அளந்து வெட்டிய மாதிரி, சரியாக ஒரு ஆமா அளவுக்கு. யாரும் அதில் எதையும் போடவில்லை, இடைவெளி காலியாகவே போயிற்று.

"எம் பங்கு பிரியாணில முட்டைய மட்டும் எடுத்துத் திம்பான் சவேரி."

மறுபடியும் இடைவெளி. நூற்றைம்பது பேர் சவேரியானைப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சிலர் மீன் பெட்டியைப் பார்த்தார்கள். சவேரியான் உயர்த்திய கையை இறக்கக்கூட இல்லை. கித்தேரியம்மாள்தான் பொறுக்க முடியாமல் முன்னால் வந்தாள். "எய்யா, நீரு கெட்டவரோ நல்லவரோ, அது ஒம்ம பாடு. பாட்டு ஓட்ட ஓட்டயா போவுது, காது குடுத்துக் கேக்க முடியல. வாயத் தொறயும்."

"மைக்கு முன்னால நின்னுக்கிட்டு எனக்கு வழிய மறைப்பான் சவேரி."

"ஆமா" என்றான் சவேரியான்.

அவனே எதிர்பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வராத சொல், மூன்று மாதமாகத் தொண்டையில் மீன்முள் மாதிரிக் குத்திக்கொண்டிருந்த சொல், தானாக வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. கூடம் சிரித்தது. டெல்பின் அடுத்த வரியை எடுத்தாள், நாசரேத்துக் கச்சேரியில் கால் மாறிச் செருப்புப் போட்டு வந்ததைச் சொன்னாள், ஆமா என்றான். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை என்று நினைத்து இவனுக்கு மாலை போட்டபோது கழற்றாமல் நின்றதைச் சொன்னாள், ஆமா, ஆமா என்றான். குற்றம் ஒவ்வொன்றாக வர வர அவன் ஒத்துக்கொண்டே போனான், வெயில் ஏறி ஐஸ் வேகம் பிடித்தது, பாட்டும் வேகம் பிடித்தது, ஊர் கைதட்டித் தாளம் போட்டது, நெய்மீன் வழுக்கித் தரையில் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் இப்படியொரு கச்சேரி நடந்ததில்லை.

அப்போது குரல் இறங்கியது.

"தொண்ட கட்டி நான் ஊமையா நின்ன மேடையில, ஒத்த ஆமாவ வச்சே பாட்ட முடிச்சுக் குடுத்தான் சவேரி."

கைதட்டல் நின்றது. அது பெரியதாழைக் கச்சேரி, பத்து வருஷத்துக்கு முந்தியது. அவள் வாயசைக்க, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, வரிக்கு வரி அவன் வெறும் ஆமாவிலேயே பாட்டைக் கொண்டுபோய்க் கரைசேர்த்தான். அவள் அதை ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. நன்றி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை, பாட்டில் வைத்திருக்கிறாள். சவேரியான் பெட்டியிலிருந்து இறங்கி, ஈரத் தரையில் ஐஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஆமா" என்றான், ஐஸுக்கு மட்டும் கேட்கும்படி.

கட்டி ஒரு தலையணை அளவுக்குக் குறைந்திருந்தது.

"மெட்டு ஒன்னதுன்னு ஊரு சொல்லுது. எனக்கு வேற மெட்டு வரும், ஒனக்கு வேற வராது. அது அப்பிடியே இருந்துட்டுப் போகட்டுமா சவேரி?"

வெயிலில் சொட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு ஆமா சொல்லுகிற நேரம்தான் இருந்தது, அதுவும் நழுவிக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்த ரெஜினாள் வந்து வெயிலுக்கும் ஐஸுக்கும் நடுவில் நின்றாள். அவள் நிழல் கட்டியின் மேல் விழுந்தது. கித்தேரியம்மாள் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், பிறகு ஒவ்வொருவராக, மீன்காரிகளும் வலைக்காரர்களும் கொல்லத்து வியாபாரியின் ஆட்களும் வந்து நெருக்கியடித்துச் சுற்றி நின்றார்கள். கட்டியின் மேல் ஒரு துளி வெயில் இல்லாமல் போயிற்று. சொட்டுவது குறைந்தது. இடைவெளி நீண்டது. அவனுக்காக ஊர் அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஒரே ஒரு சொல். அவன் ஆயுசெல்லாம் சொன்ன சொல். அதைச் சொன்னால் மெட்டு அவனுடையது, கேட்டவளே கொடுத்தாள், ஊரே சாட்சி. நாக்கு அதற்குத் தயாராக மடிந்துகூட விட்டது.

"இல்ல" என்றான் சவேரியான்.

மேடையில் அவன் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை, அதற்குக் குரல் எங்கே எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. "இல்லக்கா. ஒன்னது. நான் பொய் சொன்னேன்" என்றான். அடுத்த வரிக்காக எல்லோரும் காத்திருந்தார்கள், ஐஸிலிருந்து வரி வரவில்லை, தாளத்துக்கு டெல்பின் முனகுகிற 'ம்ம்' மட்டும் வந்தது. வாடைக்காற்று மெட்டில் ஒரு முழுச் சரணத்தையும் அவள் சொல்லே போடாமல் காலியாக விட்டு வைத்திருந்தாள். அவனுக்குத்தான் என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சவேரியான் எடுத்தான். வாய்க்கு வந்ததைச் சொல்லாக்கி, முழு வரியாக, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாடினான். நெய்மீன் கதை பொய் என்று பாடினான், கட்டிய மகராசி நீ என்று பாடினான், மூணு வருசம் பேசாம இருந்துட்டேனே யக்கா என்று பாடினான். சுருதி ஒரு பக்கம் போயிற்று, அவன் ஒரு பக்கம் போனான், மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போனான். டெல்பின் அவனுக்கு இருபத்தெட்டு வருஷமும் ஏன் ஒரே ஒரு சொல்லைக் கொடுத்து வைத்திருந்தாள் என்பது அன்றைக்கு ஊருக்கு நன்றாக விளங்கிவிட்டது. அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கீழே ஐஸும் சொட்டிக்கொண்டிருந்தது, உள்ளேயிருந்து அவள் விடாமல் 'ம்ம்' போட்டு அவனைத் தாங்கிக்கொண்டிருந்தாள். கட்டி கைப்பிடியளவாகி, புளியங்கொட்டையளவாகி, ஒன்றுமில்லாமல் ஆகும்வரை, சங்குமுனையில் எதையும் சும்மா விடாத அந்த ஜனம் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது, சவேரியான் அபஸ்வரமாகப் பாடிக்கொண்டே இருந்தான், ஒருவர் கூட அவனை நிறுத்தச் சொல்லவில்லை.